காற்றில்லாமல் அறுபது கிலோமீட்டர்

மேடம்,

ஒரு பக்கம் போதும் என்று சொல்லித்தான் காகிதம் கொடுத்தீர்கள். நான் உங்கள் ஸ்டேஷன் ரைட்டரிடம் கேட்டு இன்னும் ஏழெட்டுத் தாள் வாங்கிக்கொண்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தெலுங்கில் எழுதச் சொன்னீர்கள். தெலுங்கில் பேசச் சொன்னால் நாள் முழுக்கப் பேசுவேன், எழுத வராது. நகரியில் தமிழ் மீடியத்தில் படித்தவன். ஹெட் கான்ஸ்டபிள் வீராசாமி எங்கள் பக்கத்து ஆள், அவர் படித்துச் சொல்வார் என்று நீங்களே சொன்னதால் தமிழில் எழுதுகிறேன். டீ நன்றாக இருந்தது.

நீங்கள் கேட்ட வரியை முதலில் எழுதிவிடுகிறேன். வடமாலபேட்டை மெயின் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் தாமோதரனாகிய நான், என் தங்கை மகள் ரோஜாவை, வயது பதினெட்டு, என் பொறுப்பில் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறேன். இதற்குக் கீழே கையெழுத்து போட்டால் போதும் என்றீர்கள். போட்டிருப்பேன். ஆனால் ரோஜா எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "பாபம் சின்னப் பிள்ள, மனசு கெட்டுப் போயிருக்கு, திருப்பதியில நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று மெதுவாகச் சொன்னீர்கள். அங்கேதான் எனக்குக் கை ஓடவில்லை. அவள் மனசில் ஒரு கேடும் இல்லை. அவள் எழுதியதில் தேதி சரி, காரின் நிறம் சரி, எலுமிச்சம்பழம் சரி. ஒரே ஒரு இடத்தில்தான் தவறு. அதைத் திருத்துவதற்குத்தான் இத்தனை தாள்.

இன்று காலை என்ன நடந்தது என்று கான்ஸ்டபிள் சொன்னார். பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்கு வந்தவளிடம், எல்லாரிடமும் கேட்பதுபோல, உன் பேரில் கேஸ் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். பதினெட்டு வயசுப் பெண்ணிடம் அதைச் சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். இவள், "இருக்கணும் சார். எங்க டாடி என்னாலதான் செத்தாரு" என்று சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லி வாங்குகிற பாஸ்போர்ட் வேண்டாம் என்று நினைத்திருப்பாள். அப்படித்தான் நான் வளர்த்தேன்.

அவளை வளர்த்தது நான் என்பதைச் சொல்லாமல் மேற்கொண்டு எழுத முடியாது.

எங்கள் வீட்டில் பவர்லூம் நான்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்கு ஆகவில்லை. சென்னைக்கு ஓடிப்போய் ஒரு டயர் கடையில் ஆறு வருஷம் வேலை கற்றுக்கொண்டேன். நாட்டில் புதுப்புதுக் கார்கள் வர ஆரம்பித்த நேரம் அது. ரோடு அகலமானதும் ஊர்ப் பக்கம் வந்து வடமாலபேட்டையில் கடை போட்டேன். திருப்பதிக்குப் போகிற கார் எல்லாம் என் கடை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். என் தங்கை சிவசங்கரி நன்றாகப் படித்தாள். மாப்பிள்ளை சாய்குமார் அவளைவிட நன்றாகப் படித்தவர். இரண்டு பேருக்கும் அமெரிக்காவில் வேலை கிடைத்தபோது ரோஜாவுக்குப் பதினோரு மாசம். ஒரே ஒரு வருஷம் பார்த்துக்கொள் அண்ணா, செட்டில் ஆனதும் வந்து கூட்டிப்போகிறோம் என்றாள் தங்கை. எனக்கும் என் மனைவி வரலட்சுமிக்கும் பிள்ளை தங்கவில்லை. மூன்று முறை வந்து மூன்று முறையும் கலைந்தது. அதனால் ஒரு வருஷம் என்றதும் வரலட்சுமி யோசிக்கவே இல்லை, கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அந்த ஒரு வருஷம் எட்டு வருஷமானது.

ரோஜா பேச ஆரம்பித்தபோது என்னைத்தான் நைனா என்று கூப்பிட்டாள். நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளை அதன் அப்பாவைக் கூப்பிடுவதைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டாள். திருத்தியிருக்க வேண்டும். நாளைக்குத் திருத்தலாம் என்று எட்டு வருஷம் விட்டுவிட்டோம்.

கடையில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. டயர் மாற்றிச் சாவியைக் கையில் கொடுக்கும் முன் வண்டிக்காரர்களிடம் நான் மூன்று விஷயம் சொல்லாமல் விடமாட்டேன். சென்னையில் என் முதலாளி அப்படிச் செய்வார். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நட்டை ஒரு முறை முடுக்கிப் பாருங்கள் என்பது ஒன்று. காலையில் வண்டி எடுக்கும் முன்னால், டயர் சூடாவதற்குள் காற்றுப் பாருங்கள் என்பது இரண்டு. மூன்றாவதை ரோஜா சொல்லுவாள். நாலு வயசிலிருந்து அது அவள் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொள்வாள். நான் இரண்டையும் சொல்லிவிட்டு நிறுத்துவேன். அவள் விரலை நீட்டிக்கொண்டு, "சந்தேகம் வந்தா ஒடனே ஓரங்கட்டுங்க. வூடு எங்கயும் ஓடிப்போவாது" என்பாள். லாரி டிரைவர்கள்கூடச் சிரித்துக்கொண்டு, சரிங்க மேடம் என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அதற்காகவே என் கடைக்கு வந்தவர்கள் உண்டு.

மாப்பிள்ளை இரண்டாயிரத்துப் பதினாலு ஏப்ரலில் பெங்களூருக்கே வேலையோடு திரும்பி வந்தார். தங்கை அங்கே கணக்கை முடித்துக்கொண்டு ஆகஸ்டில் வருவதாக ஏற்பாடு. அதற்குள் வீடு பார்த்து, பள்ளிக்கூடம் பார்த்து, ஜூனில் ரோஜாவைச் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். பிள்ளை தன்னோடு பழக வேண்டும் என்று சனி ஞாயிறு தவறாமல் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். நல்ல மனிதர், மேடம். அதையும் எழுதிவிடுகிறேன். குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை.

வந்த இரண்டாம் நாள் காலை எல்லாரும் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தோம். ரோஜா என்னைப் பார்த்து, "நைனா, அந்தச் சட்னிய இப்டி தள்ளு" என்றாள். மாப்பிள்ளை அவள் தலையைத் தடவி, சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அவரு உங்க மாமாடா கண்ணா. நைனா நான்தான். டாடின்னே கூப்புடு, போதும்."

ரோஜா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி இட்லியைப் பிட்டுத் தின்ன ஆரம்பித்தாள். சாயங்காலம் கடைக்கு வந்து, "மாமா, தாகமா கீது, தண்ணி குடு" என்றாள். அழவும் இல்லை, தடுமாறவும் இல்லை. எட்டு வருஷத்து வார்த்தை ஒரு இட்லி தின்னும் நேரத்தில் கைமாறிப் போனது. மாப்பிள்ளை செய்ததில் தப்பு இல்லை. அப்பா என்று இருப்பவர் அதைத்தான் சொல்லுவார். நானும் அப்போதே அதை ஒப்புக்கொண்டேன். அன்று ஒரு ஜீப்புக்கு நான்கு நட்டையும் போடாமல் ஜாக்கை இறக்கிவிட்டேன், அவ்வளவுதான்.

இப்போது காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாழ்வான நீலக் கார், ஜெர்மன்காரன் செய்தது, வேகத்துக்கென்றே செய்தது. அதில் இருந்தது ரன்ஃப்ளாட் டயர். உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாவிட்டால் ஒரு நிமிஷம். சாதாரண டயரில் காற்று இறங்கினால் பக்கச் சுவர் மடங்கிப் போகும். ரன்ஃப்ளாட்டில் பக்கச் சுவர் கனம். காற்றே இல்லாவிட்டாலும் வண்டியைத் தாங்கிக்கொண்டு நிற்கும். வேகத்தைக் குறைத்துக்கொண்டால் எண்பது கிலோமீட்டர்வரை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். அதனால்தான் அந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது, ஜாக்கும் கிடையாது. காற்றுப் போனதைச் சொல்ல டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் லைட் மட்டும் எரியும்.

மே மாசம் முதல் சனிக்கிழமை அவர் வந்து இறங்கியதே அந்தக் கதையோடுதான். பாகாலா கிட்டத்தில் லைட் எரிந்திருக்கிறது. நிறுத்தவே இல்லை. திருப்பதி டவுன் தாண்டி என் கடைவரை அறுபது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"காத்தே இல்லாம அறுபது கிலோமீட்டரு மச்சான். வண்டிக்குத் தெரியவே இல்ல. லைட்டு அது பாட்டுக்கு எரிஞ்சிகினு இருந்துச்சு, நான் பாட்டு கேட்டுகினு வந்தேன்" என்றார். சின்னப் பையன் மாதிரி அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

டயரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கருகித் தூளாகிக் கிடந்தது. இனி ஆகாது என்றேன். ஒன்றை மட்டும் ஏன் மாற்ற வேண்டும், நான்கையும் சாதா டயராக மாற்றிவிடலாம் மச்சான் என்றார். ரன்ஃப்ளாட் கல்லு மாதிரி இருக்கும், நம்ம ரோட்டில் இடுப்பு முறிந்துவிடும், இன்டர்நெட்டில் எல்லாரும் மாற்றச் சொல்கிறார்கள் என்றார். பிறகு உண்மையான காரணத்தைச் சொன்னார். முந்தின வாரம் ரோஜாவை வைத்துத் திருப்பதி வரை ஒரு ரவுண்டு போனபோது குலுங்கிய குலுங்கலில் பிள்ளை வாந்தி எடுத்துவிட்டாள். "பெங்களூரு வரைக்கும் பாப்பாவ இதுல எப்டி கூட்டிகினு போறது?" என்றார்.

ஆக, அந்த டயர்கள் ரோஜாவை அழைத்துப் போவதற்காகத்தான் மாற்றப்பட்டன. மாற்றியது நான்.

அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை, மேடம். சென்னையிலிருந்து புத்தம்புது டயர் வரவழைத்தேன். அளவு சரி, தாங்கும் எடை சரி, முந்தின மாசம்தான் தயாரானது. வால்வு புதுசு. பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் நானே செய்தேன். லைட்டையும் புது டயருக்கு ஏற்றபடி செட் செய்துவிட்டேன். யாரைக் கூட்டி வந்து காட்டினாலும் என் வேலையில் விரல் வைக்க முடியாது. இத்தனை வருஷமும் நான் இதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

சொல்ல வேண்டியது ஒன்று மிச்சம் இருந்தது. மாப்பிள்ளை, இதுவரை அந்த லைட் எரிந்தால் நீங்கள் ஓட்டிக்கொண்டு வரலாம். இனிமேல் எரிந்தால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். ஸ்டெப்னி ஒன்று வாங்கி டிக்கியில் போடுங்கள். இவ்வளவுதான். அந்தக் காருக்கு டயர் மாற்றுகிறவன் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. லைட் என்றால் அவசரமில்லை என்று அந்தக் காரே அவருக்குப் பழக்கிவைத்திருந்தது. நான் மறக்கவும் இல்லை.

சாவி கொடுக்கிற நேரம் வந்தது. ரோஜா ஸ்டூல் மேல் ஏறிவிட்டாள். அப்பாவுக்குத் தன் வேலையைக் காட்டப்போகிறோம் என்று முகமெல்லாம் பூரிப்பு. நான் நட்டைச் சொன்னேன். காற்றைச் சொன்னேன். அவள் விரலை நீட்டினாள்.

"ரோஜா, எலுமிச்சம்பழத்த மறந்துட்டமே. ஓடிப்போய் நாலு வாங்கிகினு வா" என்றேன்.

புது டயர் போட்டால் நான்கு சக்கரத்தடியிலும் பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் எங்கள் பக்கம் வண்டி கிளம்பும். அவளுக்கு அது இதைவிடப் பிடித்த வேலை. குதித்து ஓடினாள். திரும்பி வருவதற்குள் சாவியைக் கொடுத்துவிட்டேன். அவள் ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பழம் வைத்தாள், நான் சூடம் கொளுத்தினேன். மாப்பிள்ளை காரை நகர்த்தினார், பழம் நான்கும் ஒழுங்காக நசுங்கின. ரோஜா கைதட்டினாள். மூன்றாவது விஷயம் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்திருப்பாள். பிள்ளை அப்படித்தான் நினைக்கும்.

அப்போது என் மனசில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் பதில் சொல்லிக்கொண்டேன். ஒருவர் டயர் மாற்றச் சொன்னார், மாற்றினேன். எதையும் செய்யவில்லை, ஒன்றைச் சொல்லவில்லை. என்றாவது வழியில் மாட்டிக்கொண்டு, ஸ்டெப்னி இல்லாமல் நாலு மணிநேரம் வெயிலில் நிற்கட்டும், இந்த ரோடே வேண்டாம் என்று அலுத்துப்போகட்டும், அவ்வளவுதான் என் எண்ணம் என்று வைத்துக்கொண்டேன். அது பொய் என்று எனக்கு எப்போது தெரிந்தது என்பதையும் சொல்கிறேன்.

அடுத்த வாரம் வந்தபோது ரோஜாவைக் காரில் வைத்துச் சந்திரகிரி கோட்டைக்குக் கூட்டிப்போகக் கிளம்பினார். நான் கேஜை எடுத்துக்கொண்டு போய் நான்கு சக்கரத்திலும் காற்றுப் பார்த்தேன். டயரைச் சுற்றிச் சுற்றி வந்து ஆணி ஏதாவது ஏறியிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். பத்தாததற்குப் பைக்கை எடுத்துக்கொண்டு, டவுனில் எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி, அவர்கள் பின்னாலேயே போனேன். மறுநாள் அவர் தனியாகப் பெங்களூர் கிளம்பியபோது வாசலில் நின்று கையசைத்ததோடு சரி. கார் போன பிறகு பார்த்தால் கேஜ் என் சட்டைப்பையில்தான் இருந்தது. நான் யார் என்று அன்றுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் போனை எடுத்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. ஞாயிறு சாயங்காலம் அவர் கூப்பிட்டு, வந்து சேர்ந்துட்டேன் மச்சான் என்றார். சந்தோஷம் மாப்பிள்ளை என்றேன். அதில் எவ்வளவு உண்மை என்று அந்தப் பெருமாளுக்குத்தான் தெரியும்.

ஜூன் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அடுத்த ஞாயிறு ரோஜாவைக் கூட்டிப்போவது என்று நாள் குறித்தாகிவிட்டது. வரலட்சுமி வீட்டில் அவள் பாவாடை சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டும், மடித்ததையே பிரித்துக்கொண்டும் இருந்தாள். "இவ இல்லாம இந்த வூட்ல நான் யார் மூஞ்சிய பாத்துகினு கெடப்பேன்?" என்று காலையில் என்னைக் கேட்டாள். நான் அவளுக்காகத்தான் செய்தேன் என்று கொஞ்ச நாள் எனக்குச் சொல்லிப் பார்த்தேன். வரலட்சுமிக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. அவளை இதில் இழுக்கக்கூடாது.

மதியம் சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை கிளம்பினார். நான் கடைக்கு வந்தேன். ரோஜாவும் கூடவே வந்து, கழற்றிப் போட்டிருந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, பெங்களூர்ப் பள்ளிக்கூடத்து நோட்டுகளுக்கு நேம் ஸ்லிப் எழுதிக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் தன் பேரை எழுதி, அப்பா பேர் என்ற இடத்தில் சாய்குமார் என்று அழகாக எழுதியிருந்தாள். முன்பெல்லாம் அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுவாள். அன்று கேட்கவில்லை.

நாலே கால் இருக்கும். போன் அடித்தது.

"மச்சான், சித்தூரு தாண்டி மொகிலி கிட்ட வந்துகினு கீறேன். அந்த லைட்டு மறுபடி எரியுது. பர்லேதா? போவலாமா?"

ஆமாம் மேடம், பரவாயில்லையா என்று அவர் கேட்டார். இது ரோஜாவுக்குத் தெரியாது, உங்களுக்கு முன் யாருக்கும் தெரியாது. நான் சொல்லாமல் விட்டதை அவரே கூப்பிட்டுக் கேட்டார். அப்போதாவது நான் சரிசெய்திருக்கலாம், நிறுத்துங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. எங்கேயோ லாரியை முந்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். ரோஜா அடுத்த ஸ்லிப்பை எடுத்து நாக்கால் ஈரம் செய்தாள்.

"ஒண்ணும் ஆவாது மாப்ள. போன வாட்டி அறுபது கிலோமீட்டரு வந்தீங்களே. நிறுத்தாம போங்க" என்றேன்.

"அதான் கேட்டேன். சரி மச்சான், பாப்பாவ கேட்டேன்னு சொல்லு" என்றார். வைத்துவிட்டார்.

"யாரு மாமா?" என்றாள் ரோஜா.

"கஸ்டமர்" என்றேன்.

மொகிலி இறக்கத்தில், வேகத்தில், பின்பக்க இடது டயரின் பக்கச் சுவர் கிழிந்து ரிம்மை விட்டு வந்துவிட்டது. கார் மூன்று முறை புரண்டிருக்கிறது. சித்தூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் போனேன். அதற்கு முன்னால் ஸ்பாட்டில் வண்டியைப் பார்த்தேன், அதிலும் முதலில் டயரைத்தான் பார்த்தேன். நடுவில் இரண்டு அங்குல ஆணி ஒன்று ஏறியிருந்தது. ஆணி நான் வைத்ததில்லை என்று அந்த இடத்திலேயே ஒரு நிம்மதி வந்தது. மனுஷன் எவ்வளவு சின்னதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறான் பாருங்கள். விசாரிக்க வந்த அதிகாரி, கடைசி போன் உங்களுக்குத்தானே, என்ன சொன்னார் என்று கேட்டார். சித்தூர் தாண்டிவிட்டேன் என்று சொன்னார் சார் என்றேன். அதுவும் பொய் இல்லை. டயர் வெடித்து விபத்து என்று கேஸ் முடிந்தது.

இனி ரோஜா எழுதியதில் இருக்கும் தவறுக்கு வருகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கை உள்ளே சுருண்டு படுத்திருந்தாள். பெட்டி கட்டி வைத்திருந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு அமெரிக்கா திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தாள். ரோஜா என் பக்கத்தில் வந்து நின்று, ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள்.

"மாமா, மூணாவது விசயம் டாடிகிட்ட நீ சொன்னியா?"

சொன்னேன் என்று நான் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். மறந்துவிட்டேன் என்றாலும் முடிந்திருக்கும். அவள் என்னை வெறுத்திருப்பாள், அம்மாவோடு போயிருப்பாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அது உன் வேலதானேம்மா. நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்" என்றேன்.

அவள் அழவில்லை. முகத்தில் இருந்த குழந்தை எழுந்து எங்கோ போய்விட்டது. அதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு, "யார் கிட்டயும் சொல்லாதே மாமா" என்றாள். சொல்ல மாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். மறுநாள் தங்கை எவ்வளவு கூப்பிட்டும் அவள் என் கையை விடவில்லை. மாமாகூடத்தான் இருப்பேன் என்று அடம் பிடித்தாள். "உன்கிட்டயே இருக்கட்டும் அண்ணா, அவளுக்கு உன்னத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தங்கை தனியாகவே விமானம் ஏறினாள். ஊரே என்னைப் புகழ்ந்தது. தாய்மாமன் என்றால் இவன்தான் என்றார்கள்.

ஒன்பது வருஷமாகிறது. இப்போது கடையில் மூன்றையும் நானே சொல்கிறேன். மூன்றாவது வரும்போது ரோஜா எழுந்து உள்ளே போய்விடுவாள். கழற்றிய ரன்ஃப்ளாட்டில் நல்லது மூன்று பின்பக்கம் அப்படியே இருக்கிறது. விற்க மனசு வரவில்லை. காற்றில்லாமலே நிமிர்ந்து நிற்கிறது. அவள் என்னை மறுபடி நைனா என்று கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிடவே இல்லை. மாமா என்கிறாள், மரியாதையாக.

குற்ற உணர்ச்சி இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. தினமும் நாலே கால் மணிக்குக் கையில் இருக்கும் ஸ்பேனரை வைத்துவிட்டுப் போனைப் பார்க்கிறேன். யார் போன் அடித்தாலும் அந்தக் குரல்தான் முதலில் காதில் விழுகிறது, பர்லேதா என்று. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. என்னை நம்பித்தான் கேட்டார். நான் அவரைக் கொன்றேன், மேடம். இந்த வரியை வீராசாமி படிக்கும்போது சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ரோஜா மறக்கவில்லை, மறக்க வைத்தது நான். போனில் நிறுத்தாமல் போங்கள் என்று சொன்னது நான். அவளுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. அவள் பேரில் கேஸ் எதுவும் இல்லை என்று எழுதிக்கொடுங்கள்.

வருஷா வருஷம் திதியன்று சாமி கும்பிட்டதும் அவள் என் முன்னால் வந்து நிற்பாள். வரலட்சுமி அடுப்பங்கரைக்குப் போகும்வரை பொறுத்திருந்து, "மன்னிச்சுடு மாமா" என்பாள். மன்னிச்சுட்டேம்மா என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன். உண்மையாகத்தான் சொன்னேன், எனக்கு அவள் மேல் துளியும் கோபம் இருந்ததில்லை. இந்த வருஷத் திதி முடிந்த மறுவாரம் தங்கை போனில் கூப்பிட்டு, அங்கே காலேஜில் சீட் கிடைத்திருக்கிறது, பாஸ்போர்ட் எடு என்றாள். ரோஜாவும் சரி என்றாள். என்னிடம் கேட்கவில்லை.

சுயநினைவோடு எழுதினேன். கையெழுத்து ஒவ்வொரு தாளிலும் போட்டிருக்கிறேன். அவள் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை, நான் பக்கத்தில் இல்லாமல் அவள் சாப்பிட மாட்டாள். நீங்கள் இதைப் படித்து முடித்ததும் நான் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். இதை எல்லாம் அவளிடம் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டாள். பாஸ்போர்ட் விஷயத்தை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் மேடம். அமெரிக்கா எங்கேயும் ஓடிப்போகாது.